ஜார்ஜ் டவுனில் எங்கே, எப்படிச் சாப்பிடுவது?

பினாங்கின் ஜார்ஜ் டவுன் போகிறவர்கள் ஒரு வேளையை நாசி கண்டாருக்கு ஒதுக்கிவிடுங்கள். தமிழ் முஸ்லிம்கள் தோளில் காவடி கட்டிச் சுமந்து விற்ற சோறு அது. வரிசையில் நின்று, வேண்டிய கறியைக் கைகாட்டி, கடைசியில் ‘குவா சம்போர்’ என்று சொல்லுங்கள். மீன், கோழி, மாட்டுக்கறிக் குழம்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றுவார்கள். ருசியே அந்தக் கலவையில்தான். மாட்டிறைச்சி ஆகாதவர்கள் முன்பே சொல்லிவிட வேண்டும். பெரிய இறாலும் கணவாய் முட்டையும்தான் பில்லை ஏற்றும். தட்டில் விழும் முன்பே விலை கேளுங்கள்.

சாயங்காலம் லோரோங் பாரு தெருவோரக் கடைகள். கடையில் சொல்லிவிட்டு மேசையில் உட்காருங்கள், சாப்பாடு வந்ததும் காசு. சில்லறை நோட்டு கையில் இருக்கட்டும். பானம் தனி, அதை ஆர்டர் எடுக்க வேறு ஆள் வருவார். சார் குவே தியாவ் என்ற வறுத்த அரிசி நூடுல்ஸுக்கு, ஒரு தட்டு இரண்டு தட்டாக வறுக்கும் கடையில் காத்திருங்கள். மொத்தமாகப் போட்டால் சட்டியின் சூடு இறங்கி, நூடுல்ஸ் வறுபடாமல் வெந்து ஈரமாகிவிடும். பல சீனக் கடைகளில் பன்றிக் கொழுப்பு சேரும், கேட்டுக்கொள்ளுங்கள்.

அசாம் லக்சா என்பது புளிப்பு மீன் குழம்பில் நூடுல்ஸ். மேலே விடும் கறுப்பு இறால் விழுதை முழுக்கக் கலக்காமல் குடித்தால் பாதி ருசி போச்சு.

சைவர்களுக்கு லிட்டில் இந்தியாதான் நிம்மதி. லெபோ குவீன் மாரியம்மன் கோயிலைச் சுற்றித் தேடுங்கள். வெளியே காய்கறி உணவு என்று தருவதிலும் பெலாச்சான் என்ற இறால் விழுது இருக்கலாம்.

பல கடைகளுக்கு வாரத்தில் ஒருநாள் விடுமுறை. கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள்.