மணிக்குக் காது கேட்காது

பெங்களூர் அல்சூரில் சோமேஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு சந்து. எதிரே ஆட்டோ வந்தால் நாம்தான் ஸ்கூட்டரைப் பின்னுக்குத் தள்ள வேண்டும், அவ்வளவுதான் அகலம். அங்கே ஒரு வீட்டிலிருந்து நாயைப் பழக்க வரச்சொல்லி போன் வந்தது. பேசியவர் அந்த வீட்டு மகன்.

"பதினோரு வயசு மேடம். சொன்ன பேச்சு கேக்கிறதில்ல. போன வாரம் வேலை செய்ற அம்மா கையைக் கவ்விடுச்சு. நீங்க பாருங்க, சரிப்படலேன்னா ஏதாவது ஷெல்டர்ல விட்டுடலாம்னு இருக்கோம்."

சொன்ன பேச்சு கேட்பதில்லை என்று சொல்லாத வீடு எனக்கு இதுவரை வாய்த்ததில்லை. அதனால் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை என்று எனக்கு உறைத்தது மூன்றாவது வகுப்பில்தான்.

பெயர் மணி. லேப்ரடாரும் தெரு நாயும் கலந்த உடம்பு. ஒரு காலத்தில் பால்கோவா நிறமாக இருந்திருக்க வேண்டும். மாடிப்படிக்குக் கீழே, தண்ணீர் மோட்டாருக்குப் பக்கத்தில், நாலடிச் சங்கிலியில் கிடந்தான். சங்கிலி எட்டும் தூரம் வரை சிமென்ட் தரை அரைவட்டமாகத் தேய்ந்து மினுமினுத்தது. நகங்கள் வளைந்து பாதத்தைக் குத்துகிற அளவுக்கு வளர்ந்திருந்தன. தாத்தா எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தினமும் விடிகாலையில் மணியை ஏரிப்பக்கம் நடத்திக்கொண்டு போவாராம். 2021இல் கொரோனா இரண்டாம் அலையில் அவர் போனார். அதோடு நடையும் போயிற்று. வேளாவேளைக்குத் தட்டில் சோறு விழுந்தது, அவ்வளவுதான். யாரும் அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. அந்த வீட்டில் மணி யாருடைய வேலையும் இல்லை, அது ஒன்றுதான் குறை. நாயை நியாயமில்லாத நேரத்துக்குக் குட்டைச் சங்கிலியில் கட்டிவைப்பது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படியே குற்றம். சில வீடுகளில் அதை எடுத்துச் சொல்வேன். இங்கே சொல்ல மனம் வரவில்லை. தாத்தாவின் செருப்பு இன்னும் வாசலில் இருந்தது.

முதல் இரண்டு வகுப்பும் வழக்கம் போலத்தான். கையில் கிளிக்கர். அழுத்தினால் 'டிக்' என்று சத்தம் வரும், உடனே தின்பண்டம் தர வேண்டும். சத்தம் கேட்டால் தீனி வரும் என்று நாய்க்குப் பதிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மணிக்குப் பதியவே இல்லை. "சிட்" என்றேன், "மணி" என்றேன், விசிலடித்தேன். அவன் தரையை மோந்துகொண்டிருந்தான்.

மகன் ஒரு காரணம் சொன்னார். பாட்டி தமிழில் பேசுகிறார், வேலை செய்யும் அம்மா கன்னடத்தில், பேத்தி ஆங்கிலத்தில், கீழ்வீட்டு வாட்ச்மேன் இந்தியில். "எந்த லாங்வேஜ்னு அதுக்கே கன்ஃப்யூஷன் மேடம்." பெங்களூரில் இதை நம்பாதவர் யார்? ஒரே மொழியில் சொல்லுங்கள் என்று நானும் அறிவுரை சொன்னேன். அன்று என் நோட்டில் எழுதியது இன்னும் இருக்கிறது: 'பிடிவாதம். ஆர்வமில்லை. வயது காரணம்.' பன்னிரண்டு வருஷம் இந்தத் தொழிலில் இருக்கிறவள் எழுதியது.

மூன்றாவது முறை போனபோது பாட்டி காபி கொடுத்தார். "ஏம்மா, நாய்க்குப் பாடம் எடுக்கிறதுக்குக் கூடவா படிப்பு இருக்கு?" என்று விசாரித்துவிட்டு, பேரனைப் பற்றிச் சொல்வது போல மணியைப் பற்றிச் சொன்னார்.

"முன்னெல்லாம் தீபாவளின்னா கட்டிலுக்கடியில போய் நடுங்குவான். இந்த ரெண்டு வருஷமா பயமே இல்ல. பக்கத்துல சரவெடி வெடிக்கிறாங்க, இவன் பாட்டுக்குத் தூங்குறான். தைரியம் வந்துடுச்சு. குக்கர் விசிலுக்கும் கூடவே ஊளையிடுவான். அதையும் விட்டுட்டான், நல்ல பையனா ஆயிட்டான்."

காபியைக் கீழே வைத்தேன். பாட்டி பெருமையாகச் சொன்ன இரண்டுமே நோயின் வரலாறு.

மணி தூங்கிக்கொண்டிருந்தான். அவன் பின்பக்கமாகப் போய் ஒரு டம்ளரையும் கரண்டியையும் தட்டினேன். காது மடல் அசையவில்லை. கைதட்டிப் பார்ப்பதில் பயனில்லை, காற்று மேலே பட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். காலால் தரையை உதைத்தாலும் அதிர்வில் தெரிந்துவிடும். சாவிக்கொத்தைக் குலுக்கினேன், மறுபடி விசிலடித்தேன். ஒன்றுமில்லை. தெருவில் ஒரு புல்லட் தடதடத்துப் போனபோது மட்டும் தலையைத் தூக்கினான்.

மனிதக் காது 20,000 ஹெர்ட்ஸ் வரைக்கும் கேட்குமென்றால் நாயின் காது ஏறக்குறைய 45,000 வரை போகும். வயதாகும்போது பெரும்பாலும் மேல் ஸ்தாயியிலிருந்துதான் தேயத் தொடங்குகிறது. கிளிக்கர், விசில், குழந்தையின் கீச்சுக்குரல் எல்லாம் முதலில் போகும். கனத்த சத்தம் கொஞ்ச நாள் தங்கும். அதனால்தான் வீட்டில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. புல்லட்டுக்குத் தலை தூக்குகிறதே, நாம் கூப்பிட்டால் மட்டும் ஏன் வருவதில்லை? கொழுப்பு!

மருத்துவரிடம் கூட்டிப்போகச் சொன்னேன். இரண்டு காதிலும் பழுப்பு நிற அழுக்கு, கெட்ட வாடை, நாள்பட்ட புண். சொட்டு மருந்து விடுவதற்கு முன்னால் செவிப்பறை ஓட்டையாகியிருக்கிறதா என்று அவர் கவனமாகப் பார்த்தார். ஜென்டாமைசின் வகை மருந்துகள் சில உள்காதுக்குள் போனால் மிச்சமிருக்கும் கேட்கும் திறனையும் கெடுத்துவிடக்கூடும். புண் ஆறி வீக்கம் வடிந்தால் கொஞ்சம் தேறலாம், வயதால் போனது போனதுதான் என்றார். உள்காதில் ஒலியை உணரும் மயிரணுக்கள் திரும்ப முளைப்பதில்லை.

மகன் ஆன்லைனில் ஒரு பெல்ட் வாங்கிவைத்திருந்தார், அதிர்வு தருகிற பெல்ட் என்று. அட்டையைப் படித்தால் மின்சார ஷாக்கும் தருகிற சாமான். அதை என் பையில் போட்டுக்கொண்டேன். திருப்பிக் கொடுக்கவில்லை. வெறும் அதிர்வு சில செவிட்டு நாய்களுக்கு நன்றாகவே உதவும். திடுக்கிடுவதுதான் நோயே என்கிற நாய்க்கு ஆகாது.

மணியின் விஷயத்தில் திடுக்கிடுவதுதான் எல்லாம். அந்த அம்மா பெருக்கிக்கொண்டே வந்தபோது தூங்குகிறவனின் முதுகில் துடைப்பம் பட்டிருக்கிறது. சத்தம் இல்லாமல், முன்னறிவிப்பு இல்லாமல், இருட்டிலிருந்து ஒரு குத்து. யாராயிருந்தாலும் வாயைத் திறப்பார்கள். ஆனால் இதை அந்த அம்மாவிடம் வியாக்கியானம் செய்ய எனக்கு வாய் வரவில்லை. அவர் அப்போதுதான் மூன்றாவது ஊசி போட்டுவிட்டு வந்திருந்தார்.

ஆகவே முதல் பாடம், தூக்கத்திலிருந்து எழுப்புவது. காது போனாலும் மூக்கு இருக்கிறது. இட்லித் துண்டை மூக்கருகே பிடித்தால் கண் திறப்பதற்கு முன்பே மூக்கு துடிக்கும். கண் திறந்ததும் இட்லி. இப்படி மூன்று நாள். அப்புறம் முழித்திருக்கும்போது இடது தோளில் இரண்டு விரலால் லேசாகத் தொட்டு, தொட்ட கையோடு இட்லி. இன்னொரு இடத்தில் தொடக் கூடாது, இடது தோள் மட்டும். பிறகு அரைத்தூக்கத்தில், கடைசியாகத்தான் முழுத்தூக்கத்தில். கோழித்துண்டு இன்னும் வேகமாக வேலை செய்திருக்கும். பாட்டி வீட்டில் அது நடக்காது. அதனால் இட்லி. மணிக்குப் புகார் இல்லை.

கிளிக்கருக்குப் பதிலாகக் கட்டைவிரல். எங்கள் தொழிலுக்கு மூலவரான ரஷ்ய விஞ்ஞானி பாவ்லவ் நாய்களுக்கு மணியடித்துச் சோறு போட்டவர் என்றுதான் எல்லாருக்கும் தெரியும். வெளிச்சம், தொடுகை என்று வேறு தூண்டல்களையும் அவர் வைத்துப் பார்த்திருக்கிறார். எதுவாயிருந்தாலும் பின்னாலேயே சோறு வந்தால் போதும். கட்டைவிரலை உயர்த்து, இட்லி கொடு. இருபது முப்பது தடவை. இரண்டாம் நாளே விரலைக் கண்டதும் வாலாடியது.

ஆனால் விரலைக் காட்ட அவன் நம்மைப் பார்க்க வேண்டுமே! கேட்கிற நாயைப் பெயர் சொல்லித் திருப்பலாம். கேட்காத நாய் தானாகத் திரும்பினால்தான் உண்டு. மணி யார் முகத்தையும் பார்ப்பதில்லை. நாலடிக்குள் வாழ்கிற நாய்க்கு மனித முகத்தால் ஆகப்போவது என்ன? தட்டு வரும் திசையை மட்டும் பார்த்தான், கையை மட்டும் பார்த்தான்.

இதற்குக் குறுக்குவழி கிடையாது. அவன் முன்னால் படிக்கட்டில் உட்கார்ந்து சும்மா இருந்தேன். கூப்பிடவில்லை, இட்லியை ஆட்டவில்லை. தற்செயலாகக் கண் என் முகத்தில் பட்டால் கட்டைவிரல், இட்லி. முதல் நாள் முக்கால் மணி நேரத்தில் ஒரே தடவை. அதுவும் என் தலைக்கு மேலே பறந்த ஈயைப் பார்த்தானோ என்னவோ. இரண்டாம் நாள் மூன்று. மகன் மேலேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார், கட்டணம் வாங்கிக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறாளே என்று நினைத்திருப்பார். ஆறாம் நாள் நான் கேட்டைத் திறந்தபோது முதலில் என் பையைப் பார்த்தான். பிறகு மெதுவாக, கழுத்தைக் கொஞ்சம் சாய்த்து, என் முகத்தை. கண்ணில் வயதான நாய்களுக்கு வருகிற நீலம் பாய்ந்த மங்கல். அந்த மங்கலுக்குள்ளிருந்து 'என்ன?' என்று கேட்பது போல ஒரு பார்வை. நான் கட்டைவிரலைத் தூக்க மறந்துவிட்டேன்.

சைகைகளில் ஒரு வேடிக்கை நடந்தது. 'படு' என்பதற்கு நாங்கள் வழக்கமாக உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்து அமுக்கிக் காட்டுவோம். நன்றாகக் கற்றுக்கொண்டான். மறுநாள் பாட்டி போன் செய்தார். "வா வான்னு கூப்பிடறேன், இவன் படுத்துக்கிறான்மா." நேரில் போய்ப் பார்த்தேன். பாட்டி 'வா' என்று கூப்பிடுவது நம் எல்லாரையும் போலத்தான். உள்ளங்கை கீழே, விரல்கள் உள்நோக்கி அசையும். கண் மங்கிய நாய்க்கு அது 'படு' தான். அவன் மேல் தப்பில்லை.

எழுபத்து நாலு வயதில் பாட்டியின் கையை மாற்றுவதா? 'படு' சைகையை மாற்றினேன், விரலால் தரையைச் சுட்டுவது என்று. அதற்கப்புறம் பாட்டியின் அகராதியையே எடுத்துக்கொண்டோம். ஐந்து விரலையும் குவித்து வாயருகே கொண்டுபோனால் சாப்பாடு. மணிக்கட்டை விசிறியாட்டினால் இல்லை, போதும். எல்லாம் பெரிதாக, முகத்துக்கு நேரே, வெளிச்சம் இருக்கும் பக்கம் நின்று. பாட்டிக்குப் பூப்போட்ட புடவைகள் அதிகம், அந்தப் பின்னணியில் கை தெரியவில்லை. பாடம் நடக்கும் நேரத்துக்கு மட்டும் ஒரு கரும்பச்சைப் புடவை ஒதுக்கினார். ராத்திரியில் கூப்பிட வாசல் விளக்கை இரண்டு முறை போட்டு அணைப்பது. பேத்தி லேசர் விளக்கு வாங்கலாமா என்று கேட்டாள். பிடிக்கவே முடியாத புள்ளியைத் துரத்தித் துரத்திச் சில நாய்களுக்குப் பித்தாகிவிடும், வேண்டாம் என்றேன்.

சங்கிலி போனது. நடை திரும்ப வந்தது, ஆனால் கயிறில்லாமல் கேட்டுக்கு வெளியே கிடையாது. அந்தச் சந்தில் ஹாரனை நம்பித்தான் ஸ்கூட்டர்கள் ஓடுகின்றன. கழுத்துப் பட்டையில் 'காது கேட்காது' என்று கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி போன் நம்பரோடு ஒரு வில்லை. வேலை செய்யும் அம்மா முழுசாகச் சமாதானமாகவில்லை. இப்போதும் துடைப்பத்தைத் தள்ளி வைத்துவிட்டு, எட்ட நின்று, பெரிதாகக் கையசைத்துவிட்டுத்தான் அந்தப் பக்கம் வருவார். அது சரியான முறையும்கூட.

பாட்டி மட்டும் பேச்சை நிறுத்தவில்லை. அரிசி விலையிலிருந்து மருமகள் வரை எல்லாம் மணியிடம்தான் ஒப்பிப்பார். "அவனுக்குக் கேக்காதே பாட்டி" என்றேன் ஒருநாள். "கேக்காதுன்னுதானேம்மா சொல்றேன்" என்றார்.

வகுப்புகள் முடிந்து ஒரு வருஷம் ஆகிறது. அந்தப் பக்கம் போனால் எட்டிப் பார்ப்பேன். வண்டியை நிறுத்தியதும் பழக்கதோஷத்தில் இன்னும் விசிலடித்துவிடுகிறேன். பாட்டிதான் வந்து கேட்டைத் திறக்கிறார்.