அந்த மலையில் கரடி உண்டா?

சென்னையிலிருந்து வார இறுதியில் மலையேறக் கிளம்புகிறவர்கள் காட்டுயிர்க் கணக்கெடுப்பில் இருப்பவர்களிடம் தவறாமல் கேட்பது: “அங்க கரடி இருக்கா சார்?” ஜவ்வாது மலைத்தொடரையோ திருப்பதியைச் சுற்றியுள்ள சேஷாசலம் காடுகளையோ மொத்தமாகக் கேட்டால், உண்டு என்று உடனே சொல்லிவிடலாம். நகரத்துக்கு மிக அருகில் என்றால் வண்டலூர்தான். அங்கே இருப்பது உயிரியல் பூங்காவின் கூண்டுக்குள். சிக்கல், குறிப்பிட்ட ஒரு பள்ளத்தாக்கை, ஒரு காப்புக்காட்டை, ஊருக்குப் பின்னால் தனியாக நிற்கும் பாறைக்குன்றைக் காட்டிக் கேட்கும்போதுதான். அங்கே கரடியைக் கண்ணால் பார்த்துப் பதில் சொல்ல முடியாது. இரவில் நடமாடும், பகலில் பாறை இடுக்கிலோ உண்ணிச்செடிப் புதரிலோ படுத்துக்கிடக்கும் பிராணி அது. விட்டுப்போனதை வைத்துத்தான் பதில்.

வேலை மலையில் தொடங்குவதில்லை. அடிவாரத்து டீக்கடையில் தொடங்குகிறது. ஆடு மேய்ப்பவர், தேன் எடுப்பவர், புளி பொறுக்கப் போகிறவர், வேட்டைத் தடுப்புக் காவலர் என்று வரிசையாகப் பேச வேண்டும். “இங்க கரடி இருக்கா?” என்று நேரடியாகக் கேட்டால் வந்தவர் மனம் கோணக்கூடாது என்று “நிறைய இருக்கு” என்பார்கள். “கடைசியா எப்ப பாத்தீங்க, என்ன செஞ்சிட்டிருந்துச்சு?” என்று கேட்பதே சரி. தாய்க்கரடி முதுகில் குட்டியைச் சுமந்து போனதை ஒருவர் தானாகச் சொன்னால் அந்தத் தகவலுக்கு மதிப்பு அதிகம். படங்களைக் காட்டிக் கேட்பதானால் அந்தக் காட்டில் இருக்கவே முடியாத ஒன்றிரண்டு விலங்குகளின் படங்களையும் கலந்து வைக்க வேண்டும். அவற்றையும் “பாத்திருக்கேன்” என்பவரின் மற்ற பதில்களைத் தனியே ஒதுக்கி வைப்போம்.

காட்டுக்குள் போனால் முதலில் தேடுவது கறையான் புற்றுகளை. நம்மூர்க் கரடிக்கு மேல்தாடையின் நடு வெட்டுப்பற்கள் இரண்டும் கிடையாது. புற்றை நகத்தால் பிளந்து, மூக்கை அடைத்துக்கொண்டு, மண்ணை ஊதித் தள்ளிவிட்டு, அந்தப் பல் இடைவெளி வழியாகக் கறையானை உறிஞ்சும். எனவே கரடி தோண்டிய இடத்தில் குழி கூம்பு வடிவில் இறங்கும். மண் ஒரு பக்கமாகச் சிதறியிருக்கும். மண் ஈரமாக இருந்தால் சுவரில் இணையான நகக்கீறல்கள் தெரியும். குழப்பம் வருவது மற்றவற்றோடு. காட்டுப்பன்றி ஆழமாகத் தோண்டாது, ஏர் ஓட்டியதுபோல் அகலமாகப் புரட்டிப் போட்டுவிடும். முள்ளம்பன்றி கிழங்கைக் குறிவைக்கும். கடித்து மிச்சம் வைத்த வேரில் அதன் பல்தடம் இருக்கும். எறும்புத்தின்னியின் துளை குறுகலாக, அதன் உடல் நுழையும் அளவுக்கே இருக்கும். மழை பெய்து இரண்டு வாரம் ஆன குழி எதுவானாலும் விளிம்பு கரைந்து எல்லாம் ஒன்றுபோல் ஆகிவிடும். புதிய குழியை மட்டும் எழுதிக்கொண்டு பழையதை ‘ஐயம்’ என்ற பத்தியில் போடுவது நல்லது. கோடையில் இறுகிப்போன புற்றை விட்டுவிட்டு, மழைக்குப் பின் மண் இளகிய புற்றைத்தான் கரடி அதிகம் தேடும். அதனால் மே மாதத்தில் ஒரு புற்றும் உடைபடவில்லை என்பதை வைத்து எதுவும் முடிவு செய்யக் கூடாது.

எச்சம்தான் கைக்கு அகப்படும் சாட்சிகளில் உறுதியானது. கறையான் தின்ற நாட்களில் கருமையாக, மண்ணும் கறையான் தலைகளுமாக இருக்கும். பழக்காலத்தில் கிட்டத்தட்ட விதைக்குவியல்தான்: இலந்தை, நாவல், ஈச்சை, அத்தி, கொன்றை. சரக்கொன்றைக் காயின் கறுத்த சதையைத் தின்று, தட்டையான பளபளப்பு விதைகளை அப்படியே வெளியேற்றிவிடும். மரநாயும் பழம் தின்று விதையோடு பாறை மேல் எச்சமிடும். ஆனால் அளவு மிகச் சிறியது. சந்தேகம் இருந்தால் கையுறை போட்டு எடுத்து, மெல்லிய சல்லடையில் கழுவி, காயவைத்து, லென்ஸ் வைத்துப் பிரிக்க வேண்டும். அலுப்பான வேலைதான். ஆனாலும் அந்தக் காட்டில் எந்த மாதம் எது பழுக்கிறது என்பதை இதைவிட நன்றாக எதுவும் கற்றுத் தராது.

கால்தடம் பாறைக்காட்டில் அரிது. ஓடை மணலிலும் குட்டை ஓரச் சேற்றிலும்தான் கிடைக்கும். முன்காலின் ஐந்து விரல்களும் ஏறத்தாழ ஒரே வரியில் பதியும். நகமுனைகள் விரலிலிருந்து நன்றாகத் தள்ளி முன்னால் குத்தியிருக்கும். பின்கால் தடம் மட்டும் இருந்தால் செருப்பில்லாமல் நடந்த ஆளின் தடம் என்று எளிதில் ஏமாறலாம். மரத்தில் நகக்கீறல் கிடைத்தால் அண்ணாந்து பார்க்க வேண்டும். மேலே தேனடையோ அது இருந்த கறையோ இருந்தால் சாட்சி வலுக்கும். மரம் பருக்கப் பருக்கக் கீறலும் அகலமாகும் என்பதால், பெரிய கீறல் என்றாலே பெரிய கரடி என்று சொல்லிவிட முடியாது.

தானியங்கி கேமரா வைக்க தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். கரடி 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு. கேமராவை முழங்கால் உயரத்தில், தடத்திலிருந்து மூன்று நான்கு மீட்டர் தள்ளி, வடக்கோ தெற்கோ பார்க்க வைப்போம். கிழக்கு மேற்காக வைத்தால் வெயிலே படம் எடுக்க வைத்துவிடும். முன்னால் உள்ள புல்லை அறுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆயிரக்கணக்கில் புல்லின் படம்தான் மிஞ்சும். சென்சார் பார்ப்பது வெப்ப வேறுபாட்டை. ஏப்ரல், மே மாதங்களில் சுடும் பாறைக்கு முன்னால், அடர்ந்த மயிர்ப் போர்வையோடு நடக்கும் கரடியை அது தவறவிடக்கூடும். அகச்சிவப்பு ஒளியில் கரிய உடல் வெறும் கறுப்புத் திட்டாக விழும், பன்றியும் அப்படித்தான். வெளிறிய முகவாய், பரட்டை மயிர் விளிம்பு, உள்நோக்கித் திரும்பிய முன்பாதம், நெஞ்சில் V வடிவ வெள்ளைக்கோடு இவற்றில் குறைந்தது இரண்டு தெரியாமல் கரடி என்று எழுதுவதில்லை. பேட்டரி மாற்றும்போது சில மாடல்களில் தேதி பழையபடி ஆகிவிடும், காலை மாலையும் தலைகீழாகும். கிளம்புமுன் கைக்கடிகாரத்தைக் கேமராவுக்குக் காட்டி ஒரு படம் எடுத்துவிட்டால், நடுப்பகலில் கரடி உலாவியதாக அறிக்கை எழுத நேராது.

‘இருக்கிறது’ என்பதற்கு ஒரு நல்ல எச்சம் போதும். ‘இல்லை’ என்று சொல்வதுதான் கடினம். கரடி இருக்கும் காட்டில் ஒருமுறை போனால் தடயம் கிடைக்க ஐந்தில் ஒரு வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். ஐந்து முறை போயும் ஒன்றுமே கிடைக்காமல் இருக்க மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. பத்து முறை போனாலும் பத்தில் ஒன்றுக்குச் சற்று மேல். நூற்றுக்கு ஐந்துக்குக் கீழே கொண்டுவர பதினான்கு முறை போக வேண்டும். நிதி கொடுப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பிடிப்பதில்லை. அதனால்தான் அறிக்கையில் ‘இல்லை’ என்று எழுதாமல், இத்தனை கிலோமீட்டர் நடந்தோம், இத்தனை கேமராக்களை இத்தனை இரவுகள் வைத்தோம், இந்த மாதங்களில், தடயம் கிடைக்கவில்லை என்று எழுதுகிறோம். படிப்பவர் அதை ‘இல்லை’ என்று சுருக்கிக்கொள்கிறார், அது வேறு.

மலையேறிவிட்டு வருகிறவர்கள் அனுப்பும் படங்களும் உதவும், ஒழுங்காக எடுத்தால். பக்கத்தில் ஒரு பேனாவோ ஐந்து ரூபாய் நாணயமோ வைக்காமல் எடுத்த படத்தில் எச்சம் எலியுடையதா யானையுடையதா என்றே சொல்ல முடியாது. மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, சுற்றுப்புறம் தெரிய ஒன்று. வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் எடுத்த இடம், நேரம் எல்லாம் நீங்கிவிடும். டாக்குமெண்டாக அனுப்ப வேண்டும். அதே படத்தை இடத்தின் பெயரோடு பொதுவில் போட வேண்டாம். படம் எடுப்பவர்கள் கூட்டமாக வருவார்கள், கண்ணி வைப்பவர்களும் வருவார்கள்.

கரடி உண்டென்று தெரிந்த தடத்தில் போகிறவர்களுக்குச் சொல்வது இவ்வளவுதான். விடியலிலும் அந்திக்குப் பின்னும் நடக்காதீர்கள். நாயைக் கூட்டிப்போகாதீர்கள். புற்றில் உறிஞ்சிக்கொண்டிருக்கும் கரடிக்கு அதன் சத்தத்திலேயே உங்கள் காலடி கேட்காது, கண்பார்வையும் சுமார். அதனால் ஓடை வளைவிலும் புதர் நெருங்கிய இடத்திலும் உரக்கப் பேசிக்கொண்டே போங்கள். தூரத்தில் கண்டால் ஓடாமல் பின்வாங்குங்கள். குட்டி தெரிந்தால் தாய் எங்கே என்று தேடி நிற்காதீர்கள். மேலே பாய்ந்துவிட்டால் அது குறிவைப்பது முகத்தையும் தலையையும். குப்புறப் படுத்து, பிடரியில் இரு கையையும் கோத்துக்கொள்ளுங்கள். முதுகுப்பையைக் கழற்ற வேண்டாம், முதல் அடியை அது தாங்கும்.