அட்டை கிழித்த தொகுதி

தக்கலையில் எங்கள் வீட்டு மாடி அறையில் இப்போது இருப்பவை: உதிரிச் சிற்றிதழ்கள் 61, பைண்டு செய்த தொகுதிகள் ஆறு, பழைய பதிப்பு நாவல்களும் கவிதைகளும் ஒரு தட்டு, ஒரே ஒரு எட்சிங், அதாவது தகட்டில் அரித்து அச்செடுத்த படம். மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்றதற்கு இது கம்மி என்பது வீட்டாரின் அபிப்பிராயம். நான் கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கிறவள். கணக்கு எழுதாவிட்டால் தூக்கம் வராது. அதனால் எதை வாங்கினேன், எதைக் கெடுத்தேன் என்று இரண்டையும் எழுதிவைக்கிறேன்.

ஆசை தொடங்கியது ஓவியத்தில்தான். மகளை ஒரு பரீட்சைக்காகத் திருவனந்தபுரம் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். மூன்று மணி நேரம் வெளியே நிற்க வேண்டும். சும்மா மியூசியம் வளாகத்துக்குள் நடந்தேன். ரவிவர்மா படங்களுக்கு முன்னால் நல்ல கூட்டம். அதே வளாகத்தில் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கருக்கென்று தனிக் கூடம் இருக்கிறது. அங்கே நானும் காவலாளியும் மட்டும். 1963 வாக்கில் அவர் தொடங்கிய ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசைப் படங்களை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். தூரத்திலிருந்து பார்த்தால் ஜாதக நோட்டு. கட்டங்கள், எண்கள், நடுவில் மீன் மாதிரி, பாம்பு மாதிரி ஏதோ. கிட்டே போனால் மலையாள எழுத்துப் போலப் பொடிப்பொடியாக. எங்கள் குமரி ஜில்லா தமிழ்நாட்டோடு சேர்ந்த 1956-க்கு முந்திய நிலப் பத்திரங்கள் மலையாளத்தில்தான் கிடக்கின்றன, எனக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வரும். அந்தத் தைரியத்தில் வாசிக்கப் பார்த்தேன். ஒரு சொல்கூடச் சிக்கவில்லை. அரைமணி நேரம் ஏமாந்து நின்றேன். எழுத்து, ஆனால் வாசிக்க இல்லை, பார்க்கத்தான். அந்த எரிச்சல் பிடித்துப்போய்விட்டது.

அப்புறம் ஒரு கல்யாணத்துக்காகச் சென்னை போனபோது ஈஞ்சம்பாக்கத்தில் இறங்கிச் சோழமண்டலத்தைப் பார்த்தேன். பணிக்கரும் சென்னை ஓவியக் கல்லூரியில் அவரிடம் படித்தவர்களும் சேர்ந்து 1966-இல் கடற்கரையில் உண்டாக்கிய கிராமம் அது. படம் விற்றுச் சாப்பிட முடியாது என்று தெரிந்து, பாத்திக் துணியும் கைவினைப் பொருட்களும் செய்து விற்று, அந்தக் காசில் படம் வரைந்தார்கள். அங்கே இருக்கிற மியூசியத்தில் அந்தத் தலைமுறையின் படங்களை ஒரே இடத்தில் பார்க்கலாம். எனக்கும் ஒன்று வேண்டும் என்று தோன்றிவிட்டது. விலை விசாரித்தேன். அந்தக் காலத்து ஓவியர் ஒருவருடைய உள்ளங்கை அகலப் படத்துக்கு என்னுடைய இரண்டு வருடச் சம்பளம் வேண்டும். சரி, அந்த வழி அடைத்தது.

எட்சிங் வேறு கதை. ஓவியக் கல்லூரி மாணவர் ஒருவரிடமிருந்து 2,500 ரூபாய்க்கு வாங்கினேன். ஊரில் ஒரு கடையில் கண்ணாடி போடக் கொடுத்தேன். சட்டம் போடுகிறவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது எந்தச் சாமி?” என்று கேட்டார். சாமி இல்லை என்றதும் மரியாதை குறைந்துவிட்டது போலிருக்கிறது. படத்தின் முதுகு முழுக்கப் பசை தடவி ஒரு மட்ட அட்டையில் ஒட்டிக் கொடுத்துவிட்டார். அடுத்த ஆனிச் சாரலில் அட்டை ஈரம் குடித்துப் படம் அலை அலையாகப் பொங்கியது. ஓரத்தில் பழுப்புப் புள்ளிகள். இன்றைக்கும் சுவரில் தொங்குகிறது, என் அறியாமைக்குச் சாட்சியாக.

சிற்றிதழுக்கு வந்தது ஆக்கர் கடை வழியாக. வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும்: பழைய இரும்பு, பேப்பர் எடுக்கிற கடைக்கு எங்கள் பக்கம் ஆக்கர் கடை என்று பெயர். வங்கிக்குப் போகிற வழியில் ஒன்று உண்டு. அதன் அண்ணாச்சி என்னை டீச்சர் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார். பழைய புத்தகம் காசு கொடுத்து வாங்குகிற பொம்பளை வேறு யாராக இருக்க முடியும்? ஒருநாள் கூப்பிட்டார்.

“மக்களே, ஒரு சாக்கு புஸ்தகம் வந்து கெடக்கு. பாடப்புஸ்தகம் இல்ல. படம் போட்டிருக்கு, ஆனா என்ன படம்னு மனசிலாவல்ல.”

மனசிலாகாத படம் என்றதும் காலையில் வேலைக்குத் தாமதமானாலும் பரவாயில்லை என்று உள்ளே போனேன். சாக்கில் பாதி சோவியத் புத்தகங்கள். மீதியில் ‘எழுத்து’ இதழ் நாலு, ‘யாத்ரா’ ஒன்று, அப்புறம் பச்சைக் காலிகோத் துணி போட்டு பைண்டு செய்த தடித்த தொகுதி ஒன்று. முதுகில் ஒன்றும் எழுதவில்லை. திறந்தால் ‘கசடதபற’. வல்லின எழுத்து ஆறையும் பெயராக வைத்து, ‘வல்லின மாத ஏடு’ என்று போட்டுக்கொண்டு 1970 அக்டோபரில் வந்த பத்திரிகை. ஒன்பது இதழ்கள் அதில் இருந்தன. மொத்தம் நாலரைக் கிலோ. கிலோ பதினாலு ரூபாய் போட்டு, “டீச்சர்ன்னு கொறச்சிருக்கேன்” என்றார். நான் திருத்தவில்லை.

வீட்டுக்கு வந்து நிதானமாகப் புரட்டியபோதுதான் வயிறு எரிந்தது. ஒன்பது இதழிலும் அட்டை இல்லை. பைண்டு செய்கிறவர்கள் பத்திரிகைத் தொகுதிக்கு வழக்கமாகச் செய்வதுதான்: அட்டையும் விளம்பரமும் கழித்துவிட்டு உள்பக்கங்களை மட்டும் சேர்த்துத் தைத்து, மூன்று பக்கமும் வெட்டி மட்டப்படுத்துவது. வெட்டிய வேகத்தில், பழைய சொந்தக்காரர் ஓரத்தில் பென்சிலால் எழுதிய குறிப்புகளில் பாதிச் சொல் போய்விட்டது. ஒரு கவிதைக்குப் பக்கத்தில் ‘…ல்லாத வீம்பு’ என்று மட்டும் நிற்கிறது. ‘பொல்லாத’வா, ‘இல்லாத’வா? மூன்று வருடமாக யோசிக்கிறேன்.

அட்டைக்கு ஏன் இவ்வளவு அழ வேண்டும் என்று கேட்கலாம். அந்தக் காலச் சிற்றிதழில் நவீன ஓவியம் வீடு கிடைக்காமல் வந்து குடியிருந்த இடம் அட்டைதான். கே.எம். ஆதிமூலம், ஆர்.பி. பாஸ்கரன் போன்ற ஓவியர்கள் கவிஞர்களோடு சுற்றிக்கொண்டிருந்த காலம். காந்தி நூற்றாண்டு வருடமான 1969-ஐ ஒட்டி ஆதிமூலம் காந்தியை வரிசையாகக் கோட்டில் வரைந்தார். அதே கைதான் பத்திரிகைகளுக்கும் புத்தகங்களுக்கும் கோட்டோவியமும் தலைப்பெழுத்தும் போட்டது. ஏன் எல்லாமே கோடு என்பதற்குக் கலைக் காரணத்தோடு ஒரு அச்சகக் காரணமும் உண்டு. ஈய எழுத்துக் கோத்து அடித்த காலம். படம் போட வேண்டுமென்றால் துத்தநாகத் தகட்டில் அமிலத்தால் அரித்துப் பிளாக் செய்ய வேண்டும். புகைப்படம் மாதிரிச் சாயல் வேண்டுமானால் புள்ளி புள்ளியாக அமைந்த பிளாக், அது செலவு, மட்டமான தாளில் அடித்தால் மை அப்பிக்கொண்டு கறுப்புத் திட்டாகிவிடும். சுத்தமான கறுப்புக் கோடு மட்டும் எந்தத் தாளிலும் நிற்கும். காசில்லாத பத்திரிகைக்கும் பேனாவில் வரைகிற ஓவியருக்கும் அப்படித்தான் ஒத்துப்போனது.

இதைப் படித்துத் தெரிந்துகொள்வது ஒன்று. விரலால் தெரிந்துகொள்வது இன்னொன்று. நல்ல அழுத்தத்தில் அடித்த ஒரு பக்கத்தைத் திருப்பி, முதுகை விரல் நுனியால் தடவிப் பாருங்கள். கவிதையின் வரிகள் சின்ன மேடாகத் தட்டுப்படும். படம் இருக்கிற இடத்தில் கோடு மொத்தமும் ஒரு நரம்பு மாதிரி எழுந்து நிற்கும். கம்ப்யூட்டரில் ஸ்கேன் செய்த பிரதியை வைத்து வாசிப்பது எனக்குச் சம்மதம்தான். ரோஜா முத்தையா நூலகம் மாதிரி இடங்கள் இல்லாவிட்டால் இவற்றில் பாதியை யாரும் பார்க்கவே முடியாது. ஆனால் இந்த நரம்பு அதில் வராது.

சேர்க்கிறவள் என்பதற்காக எல்லாவற்றையும் புகழ வேண்டும் என்றில்லை. அறுபத்தோரு இதழையும் வாசித்துவிட்டுச் சொல்கிறேன், பாதிக் கவிதைகள் தேறாது. சண்டைகள் அதைவிடச் சுவாரஸ்யம். சி.சு. செல்லப்பா 1959-இலிருந்து 1970 வரை ‘எழுத்து’ நடத்தினார், புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாக விற்கப் போனார் என்று எல்லோரும் பக்தியோடு சொல்வார்கள். அந்த இதழின் விமரிசனப் பக்கங்களை வாசித்தால் பக்தி கொஞ்சம் தெளியும், மனுஷர் பிடிவாதக்காரர். எனக்கு அதனாலேயே கூடுதலாகப் பிடிக்கிறது.

சொந்த ஜில்லாவைத் தேடப் போனது இரண்டாம் வருடம். நாகர்கோவிலிலிருந்தே எழுபதுகளில் ‘சதங்கை’யும் ‘கொல்லிப்பாவை’யும் வந்தன. சுந்தர ராமசாமி 1988-இல் ‘காலச்சுவடு’ தொடங்கியதும் இங்கேதான். அவர் பசுவய்யா என்ற பெயரில் கவிதை எழுதத் தொடங்கியது ‘எழுத்து’வில். அழகியபாண்டியபுரத்து எழுத்தாளர் கிருஷ்ணன் நம்பி நாற்பத்து நாலு வயசு முடிவதற்குள் போய்விட்டார், அவருடைய ‘காலை முதல்’ சிறுகதைத் தொகுப்பின் 1965 பதிப்பு இன்னும் என் கையில் அகப்படவில்லை. இதெல்லாம் பக்கத்து ஊர்க்காரர்கள் செய்த காரியம், ஆனால் பக்கத்து ஊர்களில்தான் பிரதி கிடைப்பது கஷ்டம். வாசித்தவர்கள் கொடுக்கமாட்டார்கள். அவர்கள் போனபிறகு பிள்ளைகள் ஒரே நாளில் ஆக்கர் கடைக்குக் கொடுத்துவிடுவார்கள். நடுவில் இருக்கிற அந்தச் சின்ன இடைவெளியில் நாம் போய் நிற்பதற்குக் கூச்சமாக இருக்கிறது. எழவு வீட்டில் புத்தக அலமாரியைப் பார்க்கிற பழக்கம் எனக்கு வந்துவிட்டது. வெட்கத்தோடு ஒத்துக்கொள்கிறேன்.

பார்வதிபுரத்தில் ஓய்வு பெற்ற தமிழ்ப் பேராசிரியர் ஒருவரிடம் மட்டும் உயிரோடு இருக்கும்போதே கேட்டேன். சுந்தர ராமசாமி நடத்திய ‘காகங்கள்’ இலக்கியக் கூட்டங்களுக்குப் போய்வந்தவர். இப்போது பார்வை முக்கால்வாசி போய்விட்டது. பதினாலு இதழ்களைத் தூசி தட்டி எடுத்துத் தந்தார்.

“கொண்டு போங்கம்மா. ஆனா வாசிக்காம அடுக்கி வைக்கப்படாது.”

“வாசிப்பேன் சார்.”

“இங்க வந்து வாசிக்கணும்.”

அப்படித்தான் மாதம் இரண்டு சனிக்கிழமை அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சத்தமாக வாசிக்கிறேன். விளம்பரங்களையும் விடக்கூடாது என்பது அவர் கட்டளை. ஜவுளிக்கடை விளம்பரம் வாசித்தால் கவிதைக்குச் சிரிக்காத மனுஷர் சிரிக்கிறார்.

இனி பாதுகாப்பு. ஆனி ஆடிச் சாரலும் ஐப்பசி கார்த்திகை மழையும் இரண்டுமே விழுகிற ஜில்லா இது. தென்னைக்கு நல்லது, தாளுக்கு எமன். நான் செய்த முதல் தப்பு செலோடேப். கிழிந்த பத்துப் பக்கங்களை அழகாக ஒட்டினேன். ஒரு வருடத்தில் டேப் உரிந்து விழுந்துவிட்டது, பசை மட்டும் தாளுக்குள் இறங்கி மஞ்சள் கோடாக நின்றுவிட்டது. இப்போது மெல்லிய ஜப்பானியத் தாளும் கோதுமை மாவின் ஸ்டார்ச்சைக் காய்ச்சிய பசையும்தான். தண்ணீர் தொட்டால் பின்னால் பிரித்துவிடலாம். துருப்பிடித்த பின்களை இழுத்துப் பிடுங்கக்கூடாது. முதுகுப் பக்கம் மெல்லிய கத்தி கொடுத்துப் பின்னின் கால்களை நிமிர்த்தி, துரு உதிர்ந்ததும் தூக்க வேண்டும். அந்த ஓட்டையிலேயே நூல் போட்டுக் கட்டிவிடுவேன்.

ராமபாணப் பூச்சிக்கு நாப்தலின் உருண்டை போட்டேன், பூச்சிக்கு ஒன்றும் ஆகவில்லை, எனக்குத் தலைவலி. வசம்பு பரவாயில்லை, ஆனால் உள்ளே புகுந்துவிட்ட பூச்சியை அது வெளியேற்றாது. கடைசியில் கைகொடுத்தது ஃப்ரீசர். இதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் காற்றை அழுத்தி வெளியேற்றி, ஒட்டி மூடி, இரண்டு வாரம் உள்ளே. வெளியே எடுத்ததும் திறக்கக்கூடாது. ஒரு நாள் அப்படியே கிடந்து அறைச் சூட்டுக்கு வர வேண்டும், இல்லையென்றால் தாள் மேலேயே வியர்த்துவிடும். சாளை மீனுக்குப் பக்கத்தில் ஞானக்கூத்தன் கவிதை இருப்பதைப் பார்த்து என் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. மீனை மட்டும் கீழ்த் தட்டுக்கு மாற்றிவிட்டார்.

போன கார்த்திகையில் அந்தப் பச்சைக் காலிகோத் தொகுதிக்கு ஈரம் பிடித்தது. பின்பக்க அட்டை மூலையில் உப்பி, துணி விட்டுவிட்டது. உள்ளே மில் போர்டு என்கிற கெட்டி அட்டை இல்லை. பைண்டர் சிக்கனம் பார்த்து, கழிவுத் தாள்களை ஒன்றின்மேல் ஒன்றாக மைதாப் பசையில் ஒட்டி அட்டை செய்திருக்கிறார். பூச்சி வராமல் பசையில் மயில்துத்தம் போட்டிருக்க வேண்டும், ஓரங்களில் லேசான நீலம். விட்டுப்போன மேல் தாளை நகத்தால் தூக்கினேன். அடியில் இருந்தது தடித்த தாள். அதில் கறுப்புக் கோடு. வளைந்து, தடித்து, சட்டென்று மெலிந்து, மறுபடி வளைகிறது. கழித்த அட்டைகளை அவர் தூரப் போடவில்லை, அட்டைக்குள்ளேயே வைத்து ஒட்டிவிட்டார்.

இரண்டு விரல் அகலம் வரை ஈரத் துணி வைத்து உரித்துப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டேன். மழைக்காலத்தில் இதற்கு மேல் தொட்டால் கூழாகிவிடும். அன்றிரவே பேராசிரியருக்குப் போன் செய்தேன். என்ன படம் என்று கேட்டார். தெரிகிற வரைக்கும் சொன்னேன்: மேலே ஒரு மேடு, அதிலிருந்து இரண்டு கோடு கீழே இறங்குகிறது, ஆட்டின் முதுகும் காலும் மாதிரி.

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

“தலகீழா பிடிச்சிருக்கீங்கம்மா,” என்றார். “திருப்பிப் பாருங்க. ரெண்டு கையையும் மேல தூக்கிட்டு ஒருத்தன் உக்காந்திருப்பான்.”

திருப்பினேன். உட்கார்ந்திருந்தான். தலை மட்டும் இன்னும் பசைக்குள் இருக்கிறது. பங்குனி வெயில் வந்ததும் எடுக்க வேண்டும்.