பொட்டாசியம் நிறைய இருந்தால் ஆர்கானும் தங்கிவிடுமா?

பாறைகளின் வயதைக் கணிக்கும் பாடத்தில் எனக்கு மதிப்பெண் போன கேள்வி இது: ஆர்கானை நன்றாகப் பிடித்து வைத்திருக்கும் கனிமம் எது? யோசிக்காமல் பொட்டாஷ் ஃபெல்ட்ஸ்பார் என்று எழுதினேன். பொட்டாசியம்-40 சிதைந்துதானே ஆர்கான்-40 பிறக்கிறது, சேர்ந்த ஆர்கானை அளந்துதானே வயதைக் கணிக்கிறோம். பொட்டாசியம் மிகுந்த கனிமமே சிறந்தது என்று நம்பிவிட்டேன்.

உண்மை நேர்மாறானது. ஹார்ன்பிளெண்ட் என்ற கருநிறக் கனிமத்தில் பொட்டாசியம் ஆக்ஸைடு பெரும்பாலும் 1 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். ஆனாலும் மெல்லக் குளிரும் பாறையில், ஏறத்தாழ 500 டிகிரி செல்சியஸிலேயே அது ஆர்கானைப் பூட்டிவிடுகிறது. கருப்பு மைக்காவான பயோட்டைட்டுக்கு அது 300 டிகிரி அளவில்தான். கிரானைட்டில் உள்ள ஃபெல்ட்ஸ்பார் அதைவிடக் குறைந்த வெப்பத்திலும் கசியவிடும். எவ்வளவு ஆர்கான் பிறக்கும் என்பது பொட்டாசியத்தின் கணக்கு. எவ்வளவு தங்கும் என்பது படிகத்தின் கணக்கு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

மூடல் வெப்பநிலை (குளிரும் கனிமம் ஆர்கானைப் பூட்டும் வெப்பநிலை) அட்டவணையை மனப்பாடம் செய்வதைவிட, பயோட்டைட்டின் அமைப்பை ஒருமுறை கையால் வரைந்து பாருங்கள். எனக்கு விஷயம் பிடிபட்டது அப்போதுதான். தாள் தாளாக அடுக்கு, நடுவில் பொட்டாசியம். ஆர்கான் மந்த வாயு. எதனோடும் பிணைப்பு இல்லை. அடுக்குகளின் இடைவெளி வழியே நழுவப் பார்க்கும். தாளிலுள்ள ஹைட்ராக்சில் தொகுதியின் ஹைட்ரஜன் பொட்டாசியத்தை நோக்கி நீட்டிக்கொண்டு அதை விலக்கித் தள்ளுகிறது. அந்த இடத்தில் ஃபுளோரின் அமர்ந்தால் இந்தத் தள்ளல் இல்லை. அடுக்குகள் இறுகுகின்றன, ஆர்கானும் நன்றாகத் தங்குகிறது. வெள்ளை மைக்காவான மஸ்கோவைட்டில் அதே ஹைட்ரஜன் பக்கவாட்டில் சாய்ந்து நிற்பதால் பிடிப்பு கூடுதல். இரும்பு மிகுந்த பயோட்டைட்டைவிட மெக்னீசியம் மிகுந்தது ஆர்கானை நன்றாகக் காப்பதாகவே சோதனைகள் காட்டுகின்றன. ஒரே பெயருள்ள கனிமத்துக்குள்ளேயே இவ்வளவு வேறுபாடு! இந்தப் பாடத்தில் என்னை மிகவும் ஈர்த்தது இதுதான்.

ஃபெல்ட்ஸ்பாரை முற்றாக ஒதுக்கியும் விடாதீர்கள். எரிமலைச் சாம்பலில் விரைந்து குளிர்ந்த சானிடின் என்ற பொட்டாஷ் ஃபெல்ட்ஸ்பார் அருமையான காலங்காட்டி. மெல்லக் குளிர்ந்த ஃபெல்ட்ஸ்பாரிலோ சோடியமும் பொட்டாசியமும் தனித்தனி இழைகளாகப் பிரிந்துவிடுகின்றன. ஆர்கான் வெளியேறக் கடக்க வேண்டிய தூரம் குறைந்துவிடுகிறது.

செய்முறைத் தேர்வில் பாறையின் மெல்லிய வெட்டை நுண்ணோக்கியில் வைத்ததும் பயோட்டைட்டின் ஓரங்களைப் பாருங்கள். பழுப்பு நிறம் பச்சையாக மாறியிருந்தால் அது பயோட்டைட் மாறி உருவான குளோரைட் என்ற கனிமம். அங்கே பொட்டாசியம் அநேகமாக இராது; பழைய ஆர்கானும் போயிருக்கும். அந்தத் துகளை வயதுக் கணிப்புக்கு எடுக்கக் கூடாது என்று காரணத்தோடு எழுதுங்கள்.