ரொட்டிப் பாட்டியின் ஜூன் மாதம்

ஜூன் 11, 2014, புதன்

காலை ஆறரைக்கே பக்கத்து வீட்டு வாசற்படியில் ரொட்டிப் பாட்டி உட்கார்ந்திருந்தார். கையில் செய்தித்தாள். புல்லுக்கு விட்ட தண்ணீர் நடைபாதையில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சொட்டு வீணானாலும் பொறுக்காத மனுஷி, அதைக் கவனிக்கவே இல்லை.

“அந்தப் பெண்ணுக்குக் கடிதம் போய்விட்டது” என்றார்.

நாங்கள் அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தின் ஓரெமுக்குக் குடிவந்த முதல் நாள், பெட்டிகூடப் பிரிக்கவில்லை, சுடச்சுட ரொட்டி செய்து துணியில் சுற்றி எடுத்துவந்தார். மகள் அன்று வைத்த பெயர்தான் ரொட்டிப் பாட்டி. (ஊர்ப் பெயரை என் அம்மா போனில் ‘ஓரம்’ என்றுதான் சொல்வாள். திருத்துவதை விட்டுவிட்டேன்.) பாட்டிக்கு வயது 68. ஐந்து தலைமுறையாக மார்மன் குடும்பம். முழுப்பெயர் சொன்னால் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை.

‘அந்தப் பெண்’ கேட் கெல்லி. 33 வயது, மனித உரிமை வழக்கறிஞர். பெண்களுக்கும் ஆசாரியத்துவம் (சபையில் சடங்கு நடத்தும் அதிகாரம்) வேண்டும் என்று போன வருஷம் மார்ச் 17ஆம் தேதி ‘ஆர்டெய்ன் விமன்’ என்ற இயக்கத்தை ஆரம்பித்தவர். அக்டோபரில் ஒருமுறை, இந்த ஏப்ரலில் ஒருமுறை, ஆண்களுக்கு மட்டுமான கூட்டத்துக்கு எங்களையும் விடுங்கள் என்று சால்ட் லேக் சிட்டியில் பெண்களை வரிசையில் நிறுத்தினார். ஒவ்வொருவராக வாசலில் கேட்டார்கள், ஒவ்வொருவருக்கும் இடமில்லை என்று பதில். இப்போது வர்ஜீனியாவில் அவர் இருந்த சபையின் பிஷப், 22ஆம் தேதி ஒழுங்கு விசாரணை என்று எழுதியிருக்கிறார்.

பாட்டியைப் பற்றி எழுதலாமா என்று கேட்டேன். பெயர் போடாதே என்றார். அப்புறம் சிரித்தார். “எங்கள் பிஷப்புக்குத் தமிழ் வராது.”

ஜூன் 13, வெள்ளி

பிஷப் என்றதும் எனக்குப் பாளையங்கோட்டைக் கதீட்ரலும் அங்கியும் செங்கோலும்தான் நினைவுக்கு வரும். இங்கே அப்படி இல்லை. பிஷப்புக்குச் சம்பளம் கிடையாது. வாரத்தில் பல் பிடுங்குகிறவராகவோ கணக்கு எழுதுகிறவராகவோ இருப்பார். சில வருஷம் பொறுப்பு, அப்புறம் வேறொருவர். தனியாகப் பாதிரியார் கூட்டம் என்றே இல்லை. பையனுக்குப் பன்னிரண்டு வயதானால் அவனும் ஆசாரியத்துவத்தில் சேர்ந்தாயிற்று.

அதனால்தான் விஷயம் இவ்வளவு உறுத்துகிறது என்று நினைக்கிறேன். ஆயிரத்தில் ஒருவருக்குக் கிடைக்கும் பட்டம் என்றால், எனக்கும் கிடைக்கவில்லை என்று ஆறிக்கொள்ளலாம். எல்லா ஆண்களுக்கும் உண்டு, ஒரு பெண்ணுக்கும் இல்லை என்றால் என்ன செய்வது? பாட்டியின் பேரன் அடுத்த மாதம் பன்னிரண்டு முடிக்கிறான். பாட்டி அவனுக்கு ஷூ லேஸ் கட்டக் கற்றுக்கொடுத்தவர்.

விசாரணை எப்படி நடக்கும் என்று இன்று விவரமாகச் சொன்னார். வயதுவந்த ஓர் ஆணைச் சபையைவிட்டு நீக்கும் அளவுக்குப் போனால், வழக்கு பெரும்பாலும் மேல்மட்டத்துக்குப் போகும். அங்கே தலைவர், அவருடைய ஆலோசகர் இருவர், ஆலோசனைச் சபையின் பன்னிரண்டு பேர், ஆகப் பதினைந்து பேர் உட்காருவார்கள். பன்னிரண்டு பேரில் பாதிப்பேருக்கு, குற்றம் சாட்டப்பட்டவருக்கு அநியாயம் நடக்காமல் பார்ப்பதே வேலை. பெண் என்றால் பிஷப்பும் இரண்டு ஆலோசகரும் போதும். மூன்று பேரும் ஆண்கள். வேறு யாரும் உட்காரவும் முடியாது, உட்காருவதற்கு ஆசாரியத்துவம் வேண்டுமே.

இதற்கு ‘அன்பின் நீதிமன்றம்’ என்று ஒரு பெயர் உண்டாம். சொல்லும்போது பாட்டி சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

தந்தையர் தினம். மதியத்துக்கு மேல் பாட்டி எலுமிச்சைச் சாறு எடுத்துக்கொண்டு எங்கள் பின்கட்டுக்கு வந்தார். ஏதோ சொல்ல வந்திருக்கிறார் என்று தெரிந்தது.

1977 ஜூன். சால்ட் லேக்கில் சர்வதேசப் பெண்கள் ஆண்டு மாநாடு. அமெரிக்க அரசியல் சட்டத்தில் ஆண் பெண் சம உரிமைத் திருத்தம் வருமா வராதா என்று நாடே அடித்துக்கொண்ட நேரம். திருத்தம் கூடாது என்பது சபையின் நிலை. ஒவ்வொரு வார்டிலிருந்தும் (உள்ளூர்ச் சபைக்கு இவர்கள் வைத்த பெயர்) பத்துப் பெண்களையாவது மாநாட்டுக்கு அனுப்பச் சொல்லி மேலிருந்து தகவல் வந்தது. சால்ட் பேலஸ் அரங்கில் கிட்டத்தட்ட 14,000 பெண்கள் குவிந்துவிட்டார்கள்.

“பத்தில் நானும் ஒருத்தி. அப்போது 31 வயது, நாலாவது குழந்தை இடுப்பில். தீர்மானம் என்னவென்று பாதி காதில் விழவில்லை. கைதூக்கச் சொன்னபோதெல்லாம் எதிர்த்துக் கை தூக்கினேன்.”

அப்புறம் சோனியா ஜான்சன். திருத்தத்தை ஆதரித்த மார்மன் பெண். 1978இல் செனட் குழு முன்னால் போய்ச் சாட்சி சொன்னார், தன் சபையைச் சேர்ந்த செனட்டர் ஓரின் ஹேட்சோடு நேருக்கு நேர் மோதினார். 1979 டிசம்பரில் வர்ஜீனியாவில் அவரை நீக்கினார்கள். 1982இல் திருத்தத்துக்காக 37 நாள் பட்டினி கிடந்தார். திருத்தமும் அந்த வருஷமே காலாவதியானது.

“அவளை நீக்கியபோது நல்லதாயிற்று என்று சொன்னேன். சத்தமாக, பெண்கள் கூட்டத்தில், எல்லோருக்கும் கேட்கும்படி.”

எலுமிச்சைச் சாற்றில் இவர் உப்புப் போடுவதில்லை. நான் என் தம்ளரில் ஒரு சிட்டிகை போட்டுக்கொண்டேன். அதைப் பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் இருந்தார்.

ஜூன் 17, செவ்வாய்

பாட்டியின் கொள்ளுப்பாட்டி எழுதிய நாட்குறிப்பைக் காட்டினார். பழுப்பேறிய தாள், நெருக்கமான கையெழுத்து. ஒரு வரியில் விரல் வைத்தார். பிரசவ வலி எடுத்த பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கழுவி, எண்ணெய் பூசி, தலையில் கை வைத்து ஆசீர்வதித்தோம், நாங்கள் மூன்று பெண்கள்.

நான் முதலில் மருத்துவச்சி வேலை என்று நினைத்தேன். அதுதான் இல்லை. நோயாளியின் தலையில் கைவைத்து ஜெபிப்பது இன்று ஆசாரியத்துவம் உள்ள ஆண்கள் செய்யும் சடங்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெண்கள் அதைச் சாதாரணமாகச் செய்திருக்கிறார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுப்பாடு வந்து, 1946இல் மூப்பர்களைக் கூப்பிடுவதே நல்லது என்று கடிதம் வந்ததோடு அந்தப் பழக்கம் முடிந்தது.

கேட் கெல்லி தேர்ந்தெடுத்த மார்ச் 17க்கும் கதை இருக்கிறது. 1842இல் அதே தேதியில்தான் இல்லினாய் மாநிலத்தின் நாவூ நகரில், சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித்தின் மனைவி எம்மா தலைமையில், சபையின் பெண்கள் சங்கமான ‘ரிலீஃப் சொசைட்டி’ ஆரம்பமானது. இந்தச் சங்கத்தை ஆசாரியர்களின் ராஜ்யமாக்குவேன் என்று ஜோசப் ஸ்மித் சொன்னதாக அதன் நடவடிக்கைக் குறிப்பிலேயே இருக்கிறது. அதற்கு என்ன அர்த்தம் என்பதில்தான் சண்டை.

இந்த ஊர்ப் பெண்கள் வாய் திறக்காதவர்கள் என்று வந்த புதிதில் நானாகவே முடிவு கட்டியிருந்தேன். யூட்டா பெண்கள் 1870இலேயே ஓட்டுப் போட்டவர்கள். 1887இல் வாஷிங்டன் அதைப் பறித்தது, 1896இல் மாநிலம் ஆனபோது திரும்ப வாங்கினார்கள். அந்த வருஷமே மார்த்தா ஹியூஸ் கேனன் என்ற டாக்டர் மாநில செனட்டுக்கு நின்று ஜெயித்தார். அமெரிக்காவிலேயே அப்படி ஜெயித்த முதல் பெண். தோற்றவர்களில் ஒருவர் சொந்தப் புருஷன்! அவருக்கு ஒரே சமயத்தில் இருந்த பல மனைவியரில் இவர் நாலாவது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இந்த ஊர்ச் சரித்திரம் எந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தாலும் முழுசாகப் பிடிபடாது.

ஜூன் 22, ஞாயிறு

விசாரணை நாள். கெல்லி யூட்டாவுக்கு வந்துவிட்டதால் நேரில் போகவில்லை. பல ஊர்களில் ஆதரவாளர்கள் கூடினார்கள், சால்ட் லேக்கிலும்.

பாட்டி போகவில்லை. காலையில் பாவாடையில் மூன்று மணி நேர ஆராதனைக்குப் போனார், திரும்பி வந்து திரைச்சீலையை இழுத்துவிட்டார். 2012 டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண்கள் கால்சட்டையில் சபைக்குப் போவோம் என்று ஒரு கூட்டம் கிளம்பியதே, அன்று பாட்டியும் சாம்பல் நிறத்தில் ஒன்று போட்டுக்கொண்டு போனார். கால்சட்டை போடக் கூடாது என்று விதி எதுவும் இல்லை. இருந்தும் அன்றைக்குக் கை நடுங்கிற்று என்று சொல்லியிருக்கிறார்.

ஜூன் 23, திங்கள்

நீக்கிவிட்டார்கள். மின்னஞ்சலில் தீர்ப்பு.

கேள்வி கேட்டது குற்றம் இல்லையாம். பெண்களுக்கு ஆசாரியத்துவம் வேண்டும் என்று நம்புவதும் குற்றம் இல்லையாம். மற்றவர்களையும் அப்படி நினைக்க வைக்க விடாப்பிடியாக முயன்றதுதான் குற்றம். மனசில் வைத்துக்கொள், வெளியே சொல்லாதே. எங்கள் ஊரில் பெண்பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல ஒரு சபையும் கூடியதில்லை, அடுப்படியிலேயே சொல்லிவிடுவார்கள்.

நீக்கப்பட்டவர் ஆலயச் சடங்கில் பெற்ற புனித உள்ளாடையை அணியக் கூடாது. தசமபாகம் கொடுக்கக் கூடாது (காசும் வேண்டாம் என்கிற தண்டனையை இப்போதுதான் கேள்விப்படுகிறேன்). கூட்டத்தில் ஜெபம் சொல்லவோ பேசவோ கூடாது. ராப்போஜன அப்பமும் தண்ணீரும் எடுக்கக் கூடாது. ஆனால் வரலாம், உட்காரலாம்.

‘தள்ளிவைத்தல்’ என்று நாம் சொல்லும் சொல்லைப் பாட்டிக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். தள்ளி, ஆனால் கண்ணில் படும்படி வைத்தல் என்று விளக்கினேன். “அதேதான்” என்றார்.

ஜூன் 26, வியாழன்

1993 செப்டம்பரில் ஒரே மாதத்தில் ஆறு பேர்மேல் நடவடிக்கை எடுத்ததைப் பற்றி இன்று பேச்சு. ஐந்து பேர் நீக்கம், லின் வைட்சைட்ஸ் என்ற பெண்ணுக்கு மட்டும் அதற்கு ஒரு படி கீழான தண்டனை. அந்த மே மாதம்தான் பாய்ட் பேக்கர் என்ற அப்போஸ்தலர், சபைக்கு ஆபத்தானவை என்று மூன்றைச் சொல்லியிருந்தார்: ஒருபால் ஈர்ப்பினர் இயக்கம், பெண்ணிய இயக்கம், அறிவுஜீவிகள் எனப்படுவோர்.

பாட்டி பேச நினைத்தது லவீனா ஃபீல்டிங் ஆண்டர்சன் ஒருவரைப் பற்றித்தான். சபை தன் அறிஞர்களையும் பெண்ணியர்களையும் எப்படி நடத்தியது என்று தேதிவாரியாகத் தொகுத்துப் பிரசுரித்தார், நீக்கப்பட்டார். அதற்கப்புறமும் அதே வார்டுக்குப் போகிறார். இருபது வருஷம் தாண்டிவிட்டது.

“அப்பத் தட்டு வரும்போது எடுக்காமல் பக்கத்தில் கொடுத்துவிட வேண்டும். வாராவாரம். என்னால் முடியாது” என்றார் பாட்டி. “சோனியாவைப் போலக் கதவைச் சாத்திக்கொண்டு போகவும் முடியாது.”

எனக்கு இது இப்போதுதான் உறைத்தது. வெளியே போக நினைப்பவருக்கு இந்தத் தண்டனை வெறும் தாள். இருக்க நினைப்பவரைத்தான் அது அறுக்கும்.

ஜூன் 29, ஞாயிறு

நேற்றுத் தலைமைச் சபையும் பன்னிரண்டு அப்போஸ்தலர்களும் சேர்ந்து அறிக்கை விட்டிருக்கிறார்கள். கேள்வி கேட்பது மட்டும் விசுவாச துரோகம் ஆகாது, வெளிப்படையாகவும் திரும்பத் திரும்பவும் எதிர்ப்பதே துரோகம் என்று.

பாட்டி என்னிடம், “மார்ச்சில் எடுத்தாயே, அந்தப் படம் இருக்கிறதா?” என்றார். பின்கட்டில், ஆப்ரிகாட் மரத்தடியில், நீலச் சட்டையில் ஒரு படம் எடுத்துத் தரச் சொல்லியிருந்தார். எதற்கு என்று அப்போது சொல்லவில்லை. பெண்களுக்கும் ஆசாரியத்துவம் வேண்டும் என்று பெயரோடும் படத்தோடும் அந்த இயக்கத்துக்கு எழுதித் தந்த பெண்களின் வரிசையில் சேருவதற்கு. எழுதியது மேசை இழுப்பறையில் இருக்கிறது, அனுப்பவில்லை.

ஆகஸ்டில் பேத்திக்கு ப்ரோவோ ஆலயத்தில் கல்யாணம். உள்ளே போக அனுமதிச் சீட்டு வேண்டும், இவர்கள் ‘ரெக்கமெண்ட்’ என்பார்கள். பெற்ற தாயானாலும் சீட்டு இல்லாவிட்டால் வெளியே புல்தரையில் காத்திருக்க வேண்டியதுதான். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நேர்காணலில் புதுப்பிக்க வேண்டும். பாட்டியுடையது ஜூலையில் முடிகிறது. சபைக்கு முரணான குழுக்களை ஆதரிக்கிறாயா என்பது அங்கே கேட்கும் கேள்விகளில் ஒன்று.

“இருக்கிறது” என்றேன். “சரி, இருக்கட்டும்” என்றார்.

ஜூலை 9, புதன்

நேர்காணல் முடிந்தது. சீட்டு கிடைத்தது. அந்தக் கேள்விக்கு என்ன சொன்னீர்கள் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஒரு ரொட்டி கொடுத்துவிட்டுப் போனார், அடி கொஞ்சம் தீய்ந்திருந்தது. இதற்கு முன் தீய்ந்ததே இல்லை.

ஜூலை 13, ஞாயிறு

பேரன் முதல்முறையாக அப்பத் தட்டு ஏந்துகிறான் என்று என்னையும் மகளையும் கூப்பிட்டிருந்தார். போனோம். போன வாரம் அவன் தலையில் கைவைத்து நியமித்தபோது அப்பா, தாத்தா, மாமாக்கள் என்று வட்டமாக நின்றார்களாம். பாட்டி நாற்காலியில்.

முன்னால் பதினாறு வயதுப் பையன்கள் இரண்டு பேர் ரொட்டியைப் பிய்த்து, மண்டியிட்டு ஜெபம் சொன்னார்கள். வெள்ளைச் சட்டை, கழுத்துக்குப் பெரிதான டை, பேரன் எங்கள் வரிசைக்கு வந்தான். உதட்டைக் கடித்துக்கொண்டு, தட்டு சாயாமல் பிடிப்பதிலேயே கண்ணாக இருந்தான். பாட்டி ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டு தட்டை என் கையில் தந்தார்.

விருந்தாளி எடுக்கலாமா கூடாதா என்று கேட்டு வைத்திருக்க வேண்டும், மறந்துவிட்டேன். எடுக்காமல் மகளிடம் கொடுத்தேன். அவளும் என்னைப் பார்த்துவிட்டு அடுத்தவரிடம் நகர்த்தினாள். நிமிர்ந்தபோது பாட்டி தட்டைப் பார்க்கவில்லை, என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.