முதுமலை மூடியிருந்த மாதங்கள்

முதுமலையில் சுற்றுலாவை நிறுத்துவது எங்களுக்குப் புதிதல்ல. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் புல்லெல்லாம் காய்ந்து காடே சருகாகக் கிடக்கும். தீக்குப் பயந்து சில வருடங்களில் அப்போது வேன் சவாரியை நிறுத்துவோம், மழை விழுந்ததும் திறந்துவிடுவோம். 2020 மார்ச் நடுவில் கொரோனாவுக்காக மூடச் சொன்னபோதும் வனப் பணியாளர்களில் பலர் அப்படித்தான் எடுத்துக்கொண்டோம். கூட்டம் கூடக் கூடாது, அதற்காக மூடுகிறார்கள், மிஞ்சினால் ஒரு மாதம் என்று நினைத்தோம்.

ஏப்ரல் முதல் வாரத்தில் அந்த நினைப்பு மாறியது. நியூயார்க்கின் பிராங்ஸ் உயிரியல் பூங்காவில் ஒரு புலிக்குத் தொற்று உறுதியான செய்தி 5ஆம் தேதி வந்தது. மறுநாளே மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது: தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் எங்கும் மனிதரும் விலங்கும் நெருங்குவதைக் குறைக்க வேண்டும்.

அதுவரை காட்டிலிருந்து நமக்கு வரும் நோயைக் கவனித்துத்தான் பழக்கம். குரங்குக் காய்ச்சல் 1957இல் கர்நாடகத்தின் கியாசனூர் காட்டில் கண்டறியப்பட்டது. 2012இல் எங்களுக்குப் பக்கத்திலிருக்கும் பந்திப்பூர் வரை வந்துவிட்டது. செத்த குரங்கைக் கண்டால் தொடாதே, உடனே தகவல் சொல் என்பது வேட்டைத் தடுப்புக் காவலர்கள் எல்லோருக்கும் மனப்பாடம். இப்போது நோய் நம்மிடமிருந்து விலங்குகளுக்குப் போகலாம் என்கிறார்கள். இதற்கு எங்களிடம் பழக்கமே கிடையாது.

வேனில் உட்கார்ந்து தூரத்தில் புலியைப் பார்ப்பவரால் அதற்குத் தொற்று வந்துவிடும் என்று நான் நம்பவில்லை. எனக்குப் பயம் தெப்பக்காடு யானைகள் முகாமைப் பற்றித்தான். காலையிலும் மாலையிலும் அங்கே உணவு கொடுக்கும் நேரத்தில் கூட்டம் நெருக்கியடிக்கும். ராகிக் களி, கொள்ளு, சோறு, வெல்லம், உப்பு எல்லாம் சேர்த்துப் பிசைந்த கவளத்தைப் பாகன் கையாலேயே யானையின் வாய்க்குள் வைப்பார். மனிதரிடமிருந்து காசநோய் யானைக்குத் தொற்றும் என்பது முன்பே தெரிந்த விஷயம். ஆகவே பார்வையாளர்களை நிறுத்தியது முகாமைப் பொறுத்தவரை மிகச் சரியான முடிவு.

ஆனால் பாகனை எப்படி நிறுத்துவது? முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள், கையைக் கழுவுங்கள், தேவையில்லாமல் பக்கத்தில் போகாதீர்கள் என்று சொல்லி வந்தோம். மூத்த பாகன் ஒருவர் கேட்டார்: “எட்டி நின்னா எப்படி சார்? வாயைத் திறந்து நாக்கைப் பார்த்தாத்தானே அதுக்கு உடம்பு எப்படி இருக்குன்னு தெரியும்.” அவர் சொன்னது நியாயம். அதனால் யானையிடமிருந்து பாகனைப் பிரிப்பதை விட்டுவிட்டு, வெளியாட்களிடமிருந்து பாகன் குடும்பங்களைக் காப்பதில் கவனம் வைத்தோம். மளிகைச் சாமான்களைக் குடியிருப்புக்கே கொண்டுபோய்க் கொடுத்தோம். காய்ச்சல் அடித்தால் மறைக்காமல் சொல்லுங்கள், சம்பளம் போகாது என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னோம். சம்பளத்தைப் பற்றிச் சொன்ன பிறகுதான் சிலர் வாயைத் திறந்தார்கள்.

இன்னொரு சிக்கல், காப்பகத்தின் நடுவே ஓடும் மைசூர்–ஊட்டி நெடுஞ்சாலை. சவாரியை மூடலாம், சாலையை மூட முடியாது. காய்கறியும் மருந்தும் ஏற்றிய லாரிகள் வந்தே தீர வேண்டும். இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை ஏற்கெனவே தடை உண்டு. மற்ற நேரமெல்லாம் கக்கநல்லாவிலும் தொரப்பள்ளியிலும் சோதனைச் சாவடிக்காரர்கள் ஓட்டுநர்களை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். காட்டுக்குள் ரோந்து போகிறவர்களைவிட அவர்களுக்கே ஆபத்து அதிகம். அவர்களைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை, அது எனக்கு இன்றும் வருத்தம்.

மனிதர் இல்லாததால் விலங்குகள் காட்டை மீட்டுக்கொண்டன என்று அப்போது நிறையப் படங்கள் சுற்றின. இங்கே நாங்கள் பார்த்தது அவ்வளவு இனிமையாக இல்லை. யானைகள் பகலிலேயே நிதானமாகச் சாலையைக் கடந்தன, உண்மைதான். அதேசமயம் சுற்றுலாப் பயணிகள் போடும் தீனியை நம்பியிருந்த சாலையோரக் குரங்குகள் எங்கள் குடியிருப்புகளுக்குள் வந்தன. சுருக்குக் கம்பி வைக்கிறவர்களுக்கு ஆளில்லாத காடு வசதி என்பதால் ரோந்தையும் கூட்ட வேண்டியிருந்தது.

அப்புறம், காப்பகத்தை ஒட்டிச் சுற்றுலாவை நம்பியிருக்கும் மசினகுடி. ஜீப் ஓட்டுநர், வழிகாட்டி, டீக்கடைக்காரர், விடுதியில் துணி துவைக்கிறவர் எல்லோருக்கும் ஒரே நாளில் வருமானம் நின்றது. ஜீப்புக்கு மாதத் தவணை கட்டுகிற தம்பிகள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் “எப்பண்ணா திறப்பீங்க?” என்று கேட்பார்கள். என்னிடம் பதில் இருக்காது. காப்பகத்தின் நுழைவுக் கட்டணம் புலிகள் பாதுகாப்பு அறக்கட்டளைக்குப் போகிறது. நல்ல வருடங்களில் அதில் ஒரு பங்கை எடுத்து வைத்து, மூடும் காலத்தில் இவர்களுக்கே தீத்தடுப்புக் கோடு வெட்டவும் காட்டை அடைத்து வளரும் உண்ணிச்செடியைப் பிடுங்கவும் கூலி கொடுக்கலாம். அந்த வேலைக்கு எப்போதும் ஆள் பற்றாக்குறைதான். காட்டை மூடும் திட்டத்தில் இதுவும் முன்கூட்டியே இருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இடையில் திறந்து, 2021இல் இரண்டாம் அலை வந்ததும் மறுபடி மூடினோம். ஜூன் 3ஆம் தேதி வண்டலூர் பூங்காவில் நீலா என்ற பெண் சிங்கம் இறந்தது. அங்கே ஒன்பது சிங்கங்களுக்குத் தொற்று என்று கேட்டதும் முகாமே ஆடிப்போனது. சில நாட்களில் எங்கள் 28 யானைகளுக்கும் பரிசோதனை செய்தார்கள். பாகன் சொன்னதும் யானை படுத்தது, கால்நடை மருத்துவர் தும்பிக்கையிலும் ஆசனவாயிலும் மாதிரி எடுத்தார். சில யானைகள் தும்பிக்கையை உதறிக்கொண்டே இருந்தன. பாகன் காதருகே குனிந்து பேசிப் பேசித்தான் அமைதிப்படுத்தினார். யாரை எட்டி நிற்கச் சொன்னோமோ அவர் இல்லாமல் அந்தப் பரிசோதனையே நடந்திருக்காது. மாதிரிகள் உத்தரப் பிரதேசத்தின் இஸத்நகரில் உள்ள இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போயின. ஒன்றுக்கும் தொற்று இல்லை என்று முடிவு வந்த பிறகுதான் முகாமில் எல்லோருக்கும் மூச்சு வந்தது. அதே காலத்தில் பழங்குடி ஊர்களில் தடுப்பூசி முகாம்களும் நடந்தன.

இப்போது கூட்டம் பழையபடி வருகிறது. சளியோ காய்ச்சலோ இருப்பவர்கள் உணவு கொடுக்கும் இடத்துக்கு வர வேண்டாம் என்று டிக்கெட் கொடுக்குமிடத்தில் எழுதி வைக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். குட்டி யானையை ஒருமுறை தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்பவர்களிடம் முன்பு “கூடாது” என்று மட்டும் சொல்வேன். இப்போது காரணத்தையும் சேர்த்துச் சொல்கிறேன். பெரும்பாலானவர்கள் கேட்டுக்கொள்கிறார்கள், சிலர் நாங்கள் சொல்லாமலே பையிலிருந்து முகக்கவசத்தை எடுத்துப் போட்டுக்கொள்கிறார்கள்.