கிராம சபைக்கு வந்த நார்வே மருத்துவர்

நார்வே நாடகாசிரியர் ஹென்ரிக் இப்சன் 1882-இல் எழுதிய 'மக்களின் எதிரி' நாடகத்தை இராமநாதபுரம் கடற்கரைக்குக் கொண்டுவருவது என்று எங்கள் குழு முடிவெடுத்தபோது, பாத்திரங்களுக்குப் பெயர் சூட்டுவதும் உடை மாற்றுவதும் விரைவிலேயே முடிந்துவிட்டன. மருத்துவர் ஸ்டாக்மன் கண்டுபிடிக்கும் அந்தக் கெட்ட தண்ணீர் இங்கே எந்தத் தண்ணீர் என்பதுதான் நெடுநாள் பிடிபடவில்லை. மூலத்தில் அது ஊருக்குப் புதிதாக வருமானம் தரத் தொடங்கியிருக்கும் நீராடல் நிலையம். தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு அதில் கலக்கிறது என்று பல்கலைக்கழக ஆய்வு முடிவைக் கையில் வைத்துக்கொண்டு மருத்துவர் சொல்லும்போது, நகரத் தலைவரான அவருடைய சொந்த அண்ணனே முதல் ஆளாக அதை மறைக்கப் பார்க்கிறார்.

எல்லோருக்கும் முதலில் தோன்றியது இறால் பண்ணை. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த இறால் பண்ணைகளை, மரபுவழிப் பண்ணைகள் நீங்கலாக, அகற்றச் சொல்லி உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் தீர்ப்பளித்ததும், 2005-இல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புக்கெனத் தனிச் சட்டம் இயற்றி நிலைமையை மாற்றியதும் இந்தக் கரையில் இன்றும் பேசப்படும் செய்திகள். ஆகவே அரசியல் தானாகவே கிடைத்துவிடும் என்று எண்ணினோம். ஆனால் பண்ணை முதலாளி வெளியூர்க்காரர் ஆகிவிட்டால், ஊர் முழுவதும் மருத்துவர் பக்கம் சேர்ந்துவிடும், நாடகம் இரண்டாம் அங்கத்திலேயே முடிந்துவிடும். பண்ணையால் ஊர்த் தண்ணீர் உப்பாகிறது என்று வைத்துக்கொண்டாலும் எழும் இன்னொரு குறையை, மீன்பிடித் தடைக்காலத்தில் ஒத்திகைக்கு வந்துகொண்டிருந்த ஒரு விசைப்படகுத் தொழிலாளர் சுட்டிக்காட்டினார்: "அண்ணே, உப்புத் தண்ணின்னா நாக்கே சொல்லிருமே, அதுக்கு எதுக்கு டாக்டரு?" ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை படகுகள் கரையில் நிற்கும் அந்த 61 நாள் இடைவெளிதான் எங்களுக்கு நடிகர்களைத் தந்தது, அவர்களுடைய இத்தகைய கேள்விகளே நாடகப் பிரதியைத் திருத்தின.

இதே நாடகத்தைத் தழுவி சத்யஜித் ராய் 1989-இல் எடுத்த 'கணசத்ரு' திரைப்படத்தில் அந்தத் தண்ணீர் கோயில் தீர்த்தமாகிறது. தேவிபட்டினமும் சேதுக்கரையும் இராமேசுவரமும் உள்ள கரையில் அதையே பின்பற்றுவது மிக எளிது. அந்த எளிமையே எனக்கு ஐயத்தைத் தந்தது. தீர்த்தம் என்று வந்துவிட்டால் சண்டை பக்திக்கும் அறிவியலுக்கும் இடையிலானதாகிவிடும். இப்சனுடைய சண்டையோ பணத்தையும் பெரும்பான்மையையும் பற்றியது.

இறுதியில் மணல் மேட்டுக்குள் இருக்கும் நல்லதண்ணீர் ஊற்றைத் தேர்ந்தெடுத்தோம். இந்தக் கரையில் உவர்நீருக்கு மேலே மிதக்கும் மெல்லிய அடுக்காகத்தான் மணலுக்குள் நன்னீர் நிற்கிறது. அது கிடைக்கும் ஊருக்குத் தண்ணீர் லாரிகள் தேடி வரும். எங்கள் கற்பனை ஊரில் அந்த லாரிகள் கட்டும் பணத்தில்தான் தெருவிளக்கு எரிகிறது, திருவிழா நடக்கிறது, ஊராட்சித் தலைவருக்கு வாக்கு விழுகிறது. கெடுதல் நாக்குக்குத் தெரியாததாக இருக்கவேண்டும் என்பதால் நைட்ரேட்டை எடுத்துக்கொண்டோம். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக்கூடாது என்பது இந்தியத் தர அளவு. மிஞ்சினால் முதலில் பாதிக்கப்படுவது புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகள். அது வருவது வீட்டுக்கு வீடு தோண்டியிருக்கும் கழிவுக் குழிகளிலிருந்தும், மருத்துவரின் மாமனாருடைய மீன் ஷெட்டுக்குப் பின்னால் புதைக்கப்படும் கழிவிலிருந்தும். இப்படி, குற்றவாளியும் பாதிக்கப்படுபவரும் ஒரே ஆளாகிவிட்ட பிறகுதான் நாடகம் நகர்ந்தது.

மற்ற மாற்றங்களைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. எதிலும் நிதானம் வேண்டும் என்று ஓயாமல் சொல்லும் அச்சகக்காரர் அஸ்லாக்சன், எல்லாக் கட்சிகளுக்கும் பிளெக்ஸ் அடித்துக் கொடுக்கும் கடைக்காரரானார். பத்திரிகை ஆசிரியர் உள்ளூர் யூடியூப் சேனல் நடத்துபவரானார்.

நான்காம் அங்கத்துப் பொதுக்கூட்டத்தைக் கிராம சபையாக்கினோம். மூலத்தில் மருத்துவரின் எதிரிகள் சாதுரியமாக அச்சகக்காரரைக் கூட்டத் தலைவராக்கி மருத்துவரின் வாயை அடைக்கிறார்கள். இங்கே அந்தச் சாதுரியம் தேவைப்படவில்லை, ஊராட்சித் தலைவரான அண்ணனையே சட்டம் அந்த நாற்காலியில் உட்காரவைத்துவிடுகிறது. வாக்கெடுப்பில் மருத்துவருக்கு ஆதரவாகக் கைதூக்கும் ஒரே ஆள் குடிகாரர். அந்த வேடத்துக்கு வள்ளி திருமண நாடகங்களில் பல்லாண்டு பபூனாக நடித்த ஒருவரை அழைத்துவந்தோம். விடிய விடிய நடக்கும் அந்த நாடகங்களில் நடப்பு அரசியலைப் பேசும் உரிமை பபூனுக்கு என்றும் உண்டு என்பதால், அவரிடம் எதையும் விளக்கவேண்டியிருக்கவில்லை.

சிக்கல் மருத்துவரின் உரையில் இருந்தது. சிறுபான்மையே சரி என்று தொடங்கும் ஸ்டாக்மன், பேச்சின் வேகத்தில் தெருநாயையும் உயர்சாதி நாயையும் ஒப்பிட்டு, மனிதரிலும் அப்படித்தான் என்கிறார். தன் அண்ணனைப் போன்ற பெரிய மனிதரும் மட்டமானவராக இருக்கலாம் என்று அவர் சேர்த்துச் சொன்னாலும், பிறப்பு வாடை போவதில்லை. 1950-இல் ஆர்தர் மில்லர் தம் ஆங்கிலத் தழுவலில் அந்தப் பகுதியை நீக்கிவிட்டார். பாசிசத்தைக் கண்ட உலகத்துக்கு அது நியாயமான முடிவுதான். நம் ஊரிலும் நீக்கிவிடுங்கள் என்றே பலர் எனக்கு அறிவுரை கூறினர். நான் உடன்படவில்லை. படித்துவிட்டு ஊருக்குத் திரும்பிய மருத்துவர், ஆத்திரத்தில் சாதிப்பெயர் எதையும் உச்சரிக்காமலே "வித்து நல்லா இருக்கணும்" என்று ஒரு வாக்கியம் சொல்கிறார். அதுவரை அவரோடு இருந்த பார்வையாளர்கள் அந்த இடத்தில் விலகுவது மேடையில் நிற்பவர்களுக்கே தெரியும். அதற்குப் பிறகு ஆய்வறிக்கையை மறுக்கவேண்டிய அவசியமே தலைவருக்கு இல்லை. அந்த ஒரு வாக்கியத்தைத் திரும்பச் சொல்லிக் காட்டினாலே போதும், நைட்ரேட் மறந்துபோய்விடும். நீர் விஷயத்தில் சரியாகவும் மனிதர் விஷயத்தில் தவறாகவும் இருக்கிற ஒருவரை வைத்து ஊர் எப்படித் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது என்பதுதான் இந்த நாடகத்தின் அரசியல் என்று நான் கருதுகிறேன். உரையைக் கழுவித் துடைத்தால் எஞ்சுவது ஒரு நல்லவரின் தோல்விக் கதை மட்டுமே.

வாக்கெடுப்பை வேறொரு வகையில் மாற்றினோம். பார்வையாளர்கள் நுழையும்போதே ஒரு பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொள்வோம். கூட்டத்தின் முடிவில் தலைவர் அதைத் தூக்கிக் காட்டி, கையெழுத்திட்ட அனைவரும் தீர்மானத்தை ஏற்றதாக அறிவிப்பார். ஒருநாள் நாடகம் நடக்கும்போது பார்வையாளர்களிலிருந்து முதிய பெண்மணி ஒருவர் எழுந்து, "அது வந்ததுக்குப் போட்ட கையெழுத்துய்யா, ஒத்துக்கிட்டதுக்கு இல்ல" என்று விடாமல் வாதிட்டார். அவரைச் சமாளிக்கும் வசனம் பிரதியில் இல்லை. பபூன்தான் குறுக்கே புகுந்து காட்சியை நகர்த்தினார். தலைவராக நடிப்பவர் இப்போதெல்லாம் ஊராட்சிச் சட்டத்தில் கிராம சபை பற்றிய பகுதியைப் படித்துவிட்டுத்தான் மேடையேறுகிறார்.